துக்கம் விசாரித்த பிறகு: பெற்றோரை இழந்த மாணவனும் நமது ஜமாஅத்தும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அநாதையாகப் பிறந்து, அநாதைகளின் காவலராக வாழ்ந்த நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.



2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12. அன்றும் இதேபோல ஒரு வெள்ளிக்கிழமை. நாம் ஜும்ஆவுக்குக் கூடும் அதே மதிய வேளையில்தான் நம் விருதுநகர் மாவட்டத்தில், சாத்தூருக்கு அருகே உள்ள அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் அந்தப் பெரிய வெடி விபத்து நடந்தது. மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வினால் ஓர் அறை வெடித்தது. அடுத்தடுத்த அறைகளுக்கும் தீ பரவியது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அச்சங்குளத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து அன்று காலை தூக்குச்சட்டியுடன் வேலைக்குப் போனவர்கள் அவர்கள்.

இந்தப் பகுதியில் ஒரே ஆலைக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து வேலைக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. அதனால் ஒரு விபத்து நடந்தால் பிள்ளை அத்தாவை மட்டுமோ அம்மாவை மட்டுமோ இழப்பதில்லை. சில வீடுகளில் ஒரே நாளில் இருவரையும் இழந்துவிடுகிறது.

இந்த மண்ணுக்கு இது புதிய துக்கம் அல்ல. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021இல் அச்சங்குளம், 2024 பிப்ரவரியில் இராமுத்தேவன்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு பெயரும் நமக்குச் செய்தியாக வந்து, செய்தியாகவே போய்விட்டது. ஆனால் அந்த ஒவ்வொரு ஊரிலும் மறு மாதம் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் இருந்தார்கள். இன்றைய நம் பேச்சு அந்தப் பிள்ளைகளைப் பற்றியது. குறிப்பாகப் பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட, சின்னப் பிள்ளையும் இல்லாத பெரியவரும் ஆகாத மாணவ மாணவிகளைப் பற்றியது.

இறந்தவர்களில் பெரும்பாலோர் சகோதர சமுதாயத்து மக்கள்தானே, இதை ஏன் பள்ளிவாசலில் பேச வேண்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நம்மோடு போர் செய்யாத மக்களுக்கு நன்மை செய்வதையும் அவர்களிடம் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை (அல்குர்ஆன் 60:8). அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்தியதால், அண்டை வீட்டாருக்குச் சொத்தில் பங்கே கொடுக்கப்பட்டுவிடுமோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு ஆனது (நூல்: புகாரி, முஸ்லிம்). அண்டை வீட்டில் அநாதை இருந்தால் அந்த உரிமை இன்னும் கனமாகிறது. அத்துடன், பட்டாசு விபத்து மட்டுமல்ல. மாரடைப்பு, சாலை விபத்து, நீண்ட நாள் நோய் என்று நம் மஹல்லாவிலேயே அத்தாவை இழந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எத்தனை பேர்? எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது?

அச்சங்குளம் விபத்து நடந்த அந்த வாரத்தைக் கொஞ்சம் நினைவுக்குக் கொண்டு வாருங்கள். கொரோனாவினால் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த பள்ளிகள் அப்போதுதான் திறந்திருந்தன. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஜனவரி 19 அன்று திறந்தார்கள். ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் பிப்ரவரி 8, திங்கட்கிழமை திறந்தார்கள். அந்தத் திங்கள் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளை, அதே வாரத்தின் வெள்ளிக்கிழமை பெற்றோரை இழந்தால் அதன் நிலை என்ன?

பிப்ரவரி 25 அன்று ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் அனைவரும் தேர்வின்றித் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. மார்ச் 22 முதல் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகள் மீண்டும் மூடப்பட்டன. திரும்பவும் பள்ளி திறக்கச் செப்டம்பர் மாதம் ஆகிவிட்டது.

தேர்ச்சி கிடைத்துவிட்டது, சரி. ஆனால் துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு மதிப்பெண்ணை விட அவசியமான சிலவும் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தன. பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் கூட்டாளி இருந்தான். முகத்தைப் பார்த்தே "ஏன்டா ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்கும் ஆசிரியை இருந்தார். எட்டரை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்ற ஒழுங்கு இருந்தது. கதவு மூடியதும் இவை மூன்றும் ஒன்றாகப் போயின. வீட்டில் பாட்டியும் சுவரில் மாலை போட்ட படமும் மட்டும் மிஞ்சின.

தொற்றுக்காலம் போய்விட்டது, பள்ளிகள் ஒழுங்காக நடக்கின்றன. ஆனாலும் வளரிளம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்பது பாடம் நடக்கும் கட்டடம் மட்டும் அல்ல என்ற பாடத்தை அந்த வருடம் நமக்குக் கற்றுக்கொடுத்தது. அதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஜஅஃபர் (ரலி) அவர்களின் வீட்டில் நபி (ஸல்) அவர்கள்

பெற்றோரை இழந்த பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நம்மிடம் பசுமையான முன்மாதிரி ஒன்று இருக்கிறது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு முஃதா போரில் நபி (ஸல்) அவர்களின் பெரிய தந்தை அபூதாலிபின் மகனார் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீத் ஆனார்கள். அவர்களுடைய மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) வீட்டில் சிறு பிள்ளைகளோடு இருந்தார்கள். அந்த வீட்டில் நபி (ஸல்) அவர்கள் செய்த காரியங்களை வரிசையாகக் கவனியுங்கள். (இவை முஸ்னத் அஹ்மத், அபூதாவூத், நஸாயீ, திர்மிதீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் வருகின்றன.)

முதலாவது, தாமே நேரில் போனார்கள். பிள்ளைகளை வரவழைத்து அணைத்து உச்சி முகர்ந்தார்கள். அவர்களின் கண்கள் கண்ணீர் வடித்தன. அந்தக் கண்ணீரைப் பார்த்தே அஸ்மா (ரலி) அவர்களுக்குச் செய்தி புரிந்தது.

இரண்டாவது, ஜஅஃபரின் குடும்பத்துக்குச் சாப்பாடு செய்து அனுப்பும்படி மக்களிடம் சொன்னார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, மூன்று நாட்கள் துக்கத்துக்கு அவகாசம் கொடுத்தார்கள்.

இதுவரை நாமும் செய்கிறோம். மவ்த்து வீட்டுக்குப் போகிறோம், சாப்பாடு அனுப்புகிறோம், மூன்று நாள் இருக்கிறோம். இந்த விஷயத்தில் நம் மக்களைக் குறை சொல்ல முடியாது. அச்சங்குளத்திலும் அக்கம்பக்கம் ஓடி வந்தது, அரசு நிவாரணம் அறிவித்தது, தலைவர்கள் வந்து ஆறுதல் சொன்னார்கள். அதற்குப் பிறகு நடந்ததில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

மூன்று நாள் கழித்து நபி (ஸல்) அவர்கள் மீண்டும் வந்தார்கள்! துக்கம் அனுசரிக்கும் நாட்கள் முடிந்துவிட்டன என்று அறிவித்தார்கள். பிள்ளைகளை அழைத்து வரச் சொன்னார்கள். இறகு முளைக்காத குஞ்சுகளைப் போன்ற நிலையில் தாங்கள் கொண்டு வரப்பட்டதாக மகனார் அப்துல்லாஹ் (ரலி) பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள்.

நாவிதரை வரவழைத்து அவர்களின் தலைமுடியை மழிக்கச் சொன்னார்கள். துக்கத்தில் இருக்கும் தாயினால் பிள்ளைகளின் தலையை வாரிப் பராமரிக்க இயலாது என்பதால் அப்படிச் செய்தார்கள் என்று உலமாக்கள் விளக்கம் சொல்கிறார்கள். ஒரு நபி, ஓர் ஆட்சித் தலைவர், பிள்ளையின் தலைமுடியைக் கூடக் கவனிக்கிறார்கள்!

பிறகு ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசினார்கள். முஹம்மது என்ற பிள்ளை நம் அபூதாலிபைப் போல இருக்கிறார் என்றார்கள். அப்துல்லாஹ் தோற்றத்திலும் குணத்திலும் தம்மைப் போல இருப்பதாகச் சொன்னார்கள். அவருடைய கையைப் பிடித்து, அவருடைய கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்யும்படி துஆச் செய்தார்கள்.

அத்தாவை இழந்த பிள்ளையின் உள்ளத்தில் எழும் முதல் கேள்வி "இனி நான் யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள்: நீ எங்கள் வீட்டுப் பிள்ளை, எங்கள் சாயல் உன்னிடம் இருக்கிறது. இரண்டாவது கேள்வி "இனி என் எதிர்காலம் என்ன?" என்பது. அதற்கு வியாபாரத்தில் பரக்கத் கேட்டு துஆச் செய்ததன் மூலம் பதில் கொடுத்தார்கள். உனக்கு ஓர் எதிர்காலம் இருக்கிறது, நீ சம்பாதித்து நிற்பாய் என்ற நம்பிக்கை அது.

தாய் அஸ்மா (ரலி) வந்து பிள்ளைகள் அநாதைகளாகிவிட்டதைச் சொல்லி வருந்தியபோது, இம்மையிலும் மறுமையிலும் நானே இவர்களின் பொறுப்பாளராக இருக்கும்போது இவர்கள் வறுமையில் விழுவார்கள் என்று அஞ்சுகிறாயா என்ற கருத்தில் கேட்டார்கள்.

சகோதரர்களே! கவனியுங்கள். "ஜமாஅத் பார்த்துக்கொள்ளும்", "எல்லாரும் இருக்கிறோம்" என்று பொதுவாகச் சொல்லவில்லை. "நான்" என்று சொன்னார்கள். ஒரு பிள்ளைக்குப் பெயர் சொல்லக்கூடிய ஒரு பொறுப்பாளர் கிடைத்தார். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விடப்பட்ட பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை என்பது நமக்கெல்லாம் தெரிந்த உண்மைதானே?

"வளர்ந்துட்டான்" என்ற பேச்சு

இங்கே ஒரு மார்க்கச் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். தந்தையை இழந்த பிள்ளைக்கு யத்தீம் என்ற பெயர் பருவ வயதை அடையும் வரைதான். பருவமடைந்த பின் அநாதை நிலை இல்லை என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் வருகிறது. இது சரியான சட்டம். ஆனால் இதை வைத்து நாம் தவறான ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டோம். எட்டு வயதுப் பிள்ளையின் தலையைத் தடவுகிறோம், பெருநாளைக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறோம். அவனுக்கே பதினைந்து வயது ஆகி மீசை அரும்பியதும், "வளர்ந்துட்டான், இனி அவன்தான் குடும்பத்தைப் பார்க்கணும்" என்கிறோம். அவனுக்கு ஆள் துணை மிக அதிகமாகத் தேவைப்படும் வயதில் கையை விட்டுவிடுகிறோம்.

குர்ஆன் அப்படிச் சொல்கிறதா? அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆவது வசனத்தைப் பாருங்கள். அநாதைகளின் சொத்தை அவர்களிடம் ஒப்படைப்பதற்கு அல்லாஹ் இரண்டு நிபந்தனைகள் வைக்கிறான். ஒன்று, திருமணப் பருவத்தை அடைய வேண்டும். இரண்டு, அவர்களிடம் 'ருஷ்த்' எனும் பக்குவம் தென்பட வேண்டும். அதுவரை அவர்களைச் சோதித்துப் பழக்கி வரும்படி பொறுப்பாளருக்குக் கட்டளையிடுகிறான். வயது வந்தும் பக்குவம் வரவில்லை என்றால் 25 வயது வரை சொத்தை ஒப்படைக்காமல் பாதுகாக்க வேண்டும் என்பது நம் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து.

உடல் வளர்வது வேறு, பக்குவம் வருவது வேறு என்பதை இந்தச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. பருவ வயதிலிருந்து பக்குவம் வரை ஒரு காலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். இன்றைய கணக்கில் சொன்னால் அது எட்டாம் வகுப்பிலிருந்து கல்லூரி முடியும் வரையிலான காலம்.

அதே வசனத்தில் பணத்தைப் பற்றியும் எச்சரிக்கை இருக்கிறது. பிள்ளை பெரியவனாகிவிடுவானே என்று அவசர அவசரமாக அவன் சொத்தைச் சாப்பிட்டுவிடக் கூடாது, ஒப்படைக்கும்போது சாட்சி வைக்க வேண்டும் என்கிறது. அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் தங்கள் வயிறுகளில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற கடுமையான எச்சரிக்கை 10ஆவது வசனத்தில் வருகிறது. விபத்தில் இறந்தவருக்காக வரும் நிவாரணத் தொகையில் பிள்ளையின் பங்கு பிள்ளைக்கு உரியது. பெரியத்தாவாக இருந்தாலும் மாமாவாக இருந்தாலும் அது நம் கையில் இருக்கும் அமானிதம். பிள்ளையின் பெயரில் வங்கியில் போட்டு, கணக்கை அவனுக்குக் காட்டுங்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தன் படிப்புக்குப் பணம் இருக்கிறது என்று தெரிவதே பெரிய தைரியம்.

கேட்காமலே புரிந்துகொண்ட நபி (ஸல்)

வளரிளம் பிள்ளைகள் தங்கள் கவலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் சம வயதுடைய தம் இளம் நண்பர்களோடு மார்க்கம் கற்க மதீனாவுக்கு வந்தார்கள். இருபது நாட்கள் தங்கினார்கள். வீட்டு நினைவு வந்துவிட்டது என்று அவர்கள் யாரும் முறையிடவில்லை. நபி (ஸல்) அவர்களே அதை உணர்ந்தார்கள். வீட்டில் யார் யாரை விட்டு வந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். பிறகு குடும்பத்தாரிடம் திரும்பிச் செல்லச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் இரக்கமும் மென்மையும் உடையவர்களாக இருந்தார்கள் என்று மாலிக் (ரலி) அறிவிக்கிறார்கள் (நூல்: புகாரி).

அபூஉமைர் என்ற சிறுவர் வளர்த்த சின்னப் பறவை செத்துப்போனது. அவர் முகம் வாடியிருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் என்ன காரணம் என்று கேட்டறிந்து, அவரிடமே அந்தப் பறவையைப் பற்றி அன்போடு பேசினார்கள் (நூல்: புகாரி). ஒரு பறவையின் இழப்புக்கே இப்படி என்றால், தாயையும் தந்தையையும் இழந்த பிள்ளையின் முகத்தை நாம் எத்தனை தடவை பார்த்திருக்க வேண்டும்?

அந்த முகத்தில் எதைப் பார்ப்பது? கலகலப்பாக இருந்த பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொள்ளும். சின்ன விஷயத்துக்கும் கோபப்படும். பள்ளிக்குப் போகும் நேரத்தில் வயிற்று வலி, தலைவலி என்று சொல்லும். இரவு தூங்காமல் வகுப்பில் தூங்கும். சாப்பாடு குறையும். மதிப்பெண் இறங்கும். வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் லீவு போடும். நம் வட்டாரத்தில் இந்த லீவுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. பிள்ளை வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கலாம்.

இதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் நிலையை வைத்துத் தொடரப்பட்ட வழக்கில்தான் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், குழந்தையை ஆபத்தான வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2016இல் திருத்தப்பட்ட சட்டம் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களையும் ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தத் தடை விதித்தது. பட்டாசுத் தொழிலும் அதில் அடங்கும். அத்தாவைப் பலி வாங்கிய மருந்து அறைக்கே மகனும் போய் நிற்பதை நாம் பார்த்துக்கொண்டிருந்தால் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வோம்?

ஒன்றை நினைத்துப் பாருங்கள். காமராஜர் பிறந்து, ஏழைப் பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு போட்டுப் படிக்க வைக்க வேண்டும் என்ற கவலை முளைத்த மண் இது. பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் தமிழகத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. பட்டாசும் தீப்பெட்டியும் செய்த கைகள்தாம் வயிற்றைக் கட்டி அந்தப் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. நாம் மட்டும் அந்த உழைப்பைப் பாதியில் விட்டுவிடலாமா?

நாம் செய்யும் தவறுகள்

துஹா அத்தியாயத்தில் அல்லாஹ் தன் நபியிடம், உங்களை அநாதையாகக் கண்டு நாம் புகலிடம் தரவில்லையா என்ற கருத்தில் கேட்டுவிட்டு, அதனால் அநாதையிடம் கடுமை காட்டாதீர்கள் என்கிறான் (அல்குர்ஆன் 93:6-9). கடுமை என்றால் அடிப்பது மட்டும் அல்ல. கேவலப்படுத்துவதும் மட்டம் தட்டுவதும் கடுமைதான்.

நாலு பேர் முன்னிலையில் "பாவம், அத்தா இல்லாத பிள்ளை" என்று சொல்லிப் பத்து ரூபாய் கொடுப்பது பதினைந்து வயதுப் பிள்ளையை எப்படிக் கூசச் செய்யும் என்று யோசியுங்கள். நோட்டுப் புத்தகம் கொடுப்பதையும் மேடையில் ஏற்றிப் புகைப்படம் எடுப்பதையும் விட்டுவிடுங்கள். உதவியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

"ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்று கேட்காதீர்கள். தம் மகனார் இப்ராஹீம் இறந்தபோது நபி (ஸல்) அவர்களே அழுதார்கள், கண்ணீர் ரஹ்மத் என்று விளக்கினார்கள் (நூல்: புகாரி). ஒப்பாரியும் அல்லாஹ்வைக் குறை சொல்வதும்தான் தடுக்கப்பட்டவை.

"உன் அத்தா இருந்திருந்தா இப்படி மார்க் வாங்குவியா?" என்ற வார்த்தை வேண்டாம். அனஸ் (ரலி) அவர்கள் பத்து வயதுச் சிறுவராக வந்து பத்து ஆண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் ஒரு 'சீ' என்ற சொல்லையோ, இதை ஏன் செய்தாய் என்ற கண்டிப்பையோ தாம் கேட்டதில்லை என்று சொன்னார்கள் (நூல்: புகாரி, முஸ்லிம்). அந்த வயதைக் கடக்கும் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் உண்டா?

ஜமாஅத் என்ன செய்யலாம்?

பயானைக் கேட்டுக் கண் கலங்கி எழுந்து போவதோடு இது முடிந்துவிடக் கூடாது. நம்மால் முடிந்த, செலவில்லாத சில காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று: ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கும், தந்தையையோ தாயையோ இழந்த பிள்ளைகளின் பட்டியலை ஜமாஅத் எடுக்க வேண்டும். பிறசமயத்து அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் அவர்கள் வீட்டார் விரும்பினால் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியல் அலுவலகப் பெட்டிக்குள் இருக்கட்டும், அறிவிப்புப் பலகைக்கு வர வேண்டாம்.

இரண்டு: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். ஆண் பிள்ளைக்கு ஓர் ஆண், பெண் பிள்ளைக்கு ஒரு பெண். வீட்டாருக்குத் தெரிந்து, வீட்டார் சம்மதத்தோடு, வீட்டிலேயே சந்திக்க வேண்டும். தனிமையில் சந்திப்பது கூடாது. வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் போதும். பாடத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். யாரோடு விளையாடினாய், மதியம் என்ன சாப்பிட்டாய், யார் பக்கத்தில் உட்காருகிறாய் என்று கேளுங்கள்.

மூன்று: பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். பெற்றோர் கூட்டத்தன்று எல்லாப் பிள்ளைக்கும் யாராவது வந்திருக்க, ஒரு பிள்ளைக்கு மட்டும் ஆள் வராது. அந்த நாற்காலியில் பொறுப்பாளர் போய் உட்காரட்டும். வகுப்பு ஆசிரியரின் எண்ணை வாங்கி வையுங்கள். மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் மஹல்லாப் பெற்றோரும் உறுப்பினராக இருந்தால் இன்னும் நல்லது.

நான்கு: அரசு தரும் உதவி பிள்ளைக்குச் சேருகிறதா என்று பாருங்கள். பட்டாசு ஆலை விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுடைய கல்விச் செலவை உயர்கல்வி வரை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பர் 10 அன்று விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். அதற்காக மாவட்ட ஆட்சியர் தலைமையில் முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் நிதியும் அறிவிக்கப்பட்டது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் 'அன்புக் கரங்கள்' திட்டம் 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் தேர்வில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. இதற்கெல்லாம் இறப்புச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு என்று அலைய வேண்டும். எழுபது வயதுப் பாட்டியால் அலைய முடியுமா? நம் வாலிபர்கள் இரண்டு நாள் கூடப் போனால் போதும். விதவைக்காகவும் ஏழைக்காகவும் பாடுபடுபவர் அல்லாஹ்வின் பாதையில் போராடுபவரைப் போன்றவர் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது (நூல்: புகாரி) இந்த அலைச்சலுக்கும் சேர்த்துத்தான்.

ஐந்து: கூட்டாளிகளைப் பழக்குங்கள். வளரிளம் வயதில் பிள்ளை மனம் திறப்பது பெரும்பாலும் சம வயதுத் தோழனிடம்தான். வாசிக்கும் வாலிபர்களே, மாணவர்களே! உங்கள் வகுப்பில் அப்படி ஒருவன் இருந்தால் அவனுக்கு நீங்கள் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள். விட்டுப்போன நோட்ஸைக் கொடுங்கள். அசரில் விளையாடக் கூப்பிடுங்கள். அவன் மறுத்தாலும் நாளைக்கும் கூப்பிடுங்கள்.

ஆறு: "செத்துப் போயிரலாம் போல இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள், அதட்டவும் செய்யாதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருங்கள். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனையும், 104இல் மருத்துவ ஆலோசனையும் இலவசமாகக் கிடைக்கும். பிள்ளைக்குக் கொடுமை, கட்டாய வேலை, கட்டாயத் திருமணம் என்றால் 1098ஐ அழையுங்கள். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுங்கள், அல்லாஹ் மருந்தில்லாத நோயை இறக்கவில்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (நூல்: அபூதாவூத், திர்மிதீ). மனதின் நோயும் நோய்தான். மருத்துவரிடம் போவதால் ஈமான் குறைந்துவிடாது.

நமக்கு என்ன கிடைக்கும்?

அநாதையைப் பொறுப்பேற்றவரும் தாமும் சுவனத்தில் இப்படி இருப்போம் என்று சுட்டு விரலையும் நடு விரலையும் சேர்த்துக் காட்டினார்கள் நம் நாயகம் (ஸல்) (நூல்: புகாரி). அந்த இரண்டு விரல்களை நினைத்துப் பாருங்கள். எத்தனை தஹஜ்ஜுத் தொழுதால் கிடைக்கும் அந்த நெருக்கம்! ஒரு பிள்ளையின் பொறுப்பை ஏற்று அதைக் கடைசி வரை விடாதவருக்கு அதை வாக்களித்துவிட்டார்கள். தன் உள்ளம் இறுகிப் போயிருப்பதாக ஒருவர் முறையிட்டபோது, அநாதையின் தலையைத் தடவிக் கொடுக்கவும் ஏழைக்கு உணவளிக்கவும் சொன்னார்கள் (நூல்: அஹ்மத்). பிள்ளைக்கு உதவப் போனால் நம் உள்ளத்துக்கே மருத்துவம் கிடைக்கிறது.

நபி (ஸல்) அவர்களின் வாழ்வையே பாருங்கள். பிறக்கும் முன்பே தந்தையை இழந்தார்கள். ஆறு வயதில் அப்வா என்ற இடத்தில் தாயை இழந்தார்கள். உம்மு ஐமன் அம்மையார் கையைப் பிடித்து மக்காவுக்குக் கூட்டி வந்தார்கள். பாட்டனார் அப்துல் முத்தலிப் எட்டு வயது வரை வைத்துப் பார்த்தார்கள். அதன் பிறகு பெரிய தந்தை அபூதாலிப் பொறுப்பேற்று, அவர்கள் ஆளான பிறகும், நபித்துவம் கிடைத்த பிறகும், தம் மரணம் வரை கைவிடவில்லை. ஒரு கை விடும்போது இன்னொரு கை பிடித்துக்கொண்டது.

2021இல் அச்சங்குளத்தில் பத்து வயதாக இருந்த பிள்ளை இன்று மேல்நிலைப் பள்ளியைக் கடந்துகொண்டிருக்கிறது. சாப்பாடு கொடுத்தவர்களும் ஆறுதல் சொன்னவர்களும் எப்போதோ வீடு திரும்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கும், நம் மஹல்லாவில் அதே நிலையில் இருக்கும் பிள்ளைக்கும் இன்று கை நீட்டப்போவது யார்?

ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும்போது ஒரு பிள்ளையின் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். நாளை சனிக்கிழமை, பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். போய் ஒரு ஸலாம் சொல்லுங்கள். "பள்ளிக்கூடம் எப்படிப் போகுது?" என்று கேட்டுவிட்டு, பதிலை நிதானமாகக் கேளுங்கள். அடுத்த வாரமும் போங்கள்.

யா அல்லாஹ்! வெடி விபத்துகளில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும், எங்கள் மஹல்லாவின் யத்தீம் பிள்ளைகளுக்கும் நல்ல கல்வியையும் மன அமைதியையும் நல்ல துணையையும் தருவாயாக! இந்த மாவட்டத்துத் தொழிலாளர்களின் உயிர்களைப் பாதுகாப்பாயாக! அநாதைகளின் பொருளில் கை வைப்பதை விட்டும் எங்களைக் காப்பாயாக! ஒரு பிள்ளையின் பொறுப்பையாவது ஏற்று, அதைக் கடைசி வரை நிறைவேற்றும் தவ்ஃபீக்கை எங்கள் ஒவ்வொருவருக்கும் தந்து, சுவனத்தில் எங்கள் நாயகம் (ஸல்) அவர்களின் அண்மையை நஸீபாக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.